வாயில்லாப் புழுவுக்குச் சோறு போடுவது யார்?



இன்று நாம் பேச எடுத்துக்கொண்ட விஷயம் சமுத்திரத்தின் அடியில் வசிக்கும் ஒரு புழுவைப் பற்றியதாகும். ஒரு புழுவைப் பற்றிப் பேசவா இத்தனை பேரை வேலை மெனக்கெடுத்திக் கூட்டினார்கள் என்று சிலர் நினைக்கக்கூடும். ஆனால் இந்தப் புழுவின் விஷயத்தில் நம்மேல் ஒரு கடன் பாக்கி இருக்கிறது. அதை முதலில் ஒப்புக்கொண்டுவிட்டு மேலே பேசுகிறோம்.

சென்ற வருஷம் இதே வாசகசாலையில் கிரகணத்தைப் பற்றிப் பேசும்போது, ராகுவும் கேதுவும் எடுத்து விழுங்குவதற்குச் சூரியன் ஒன்றும் கொழுக்கட்டையல்லவென்றும், அது கொதிக்கிற வாயுக்கள் திரண்ட ஓர் உருண்டையென்றும், அதற்கு அர்க்கியம் விடுவதால் அதற்கு யாதொரு லாபமுமில்லை, விடாததால் நஷ்டமுமில்லை என்றும் சொன்னோம். அதெல்லாம் சரிதான். ஆனால் பேச்சின் வேகத்தில், உலகத்திலுள்ள சகல ஜீவராசிகளும் சூரிய வெளிச்சத்தைக் கொண்டுதான் ஆகாரம் தேடிக்கொள்ளுகின்றன, சூரியன் இல்லையானால் ஒரு புழு பூச்சிக்குக்கூடப் பிழைப்பில்லை என்றும் அடித்துச் சொல்லிவிட்டோம். கூட்டம் கலைந்த பிறகு பள்ளிக்கூடத்துப் பையன் ஒருவன் வந்து, "ஐயா, வெளிச்சமே படாத கடலடியிலும் பிராணிகள் இருக்கின்றனவாமே, அவை என்ன தின்னும்?" என்று கேட்டான். "தம்பி, மேலேயிருந்து விழுகிற எச்சத்தையும் மிச்சத்தையும் தின்று பிழைக்கும், அந்த மிச்சமும் சூரியன் கொடுத்ததுதான்" என்று சமாதானம் சொல்லி அனுப்பினோம். பையன் தலையை ஆட்டிவிட்டுப் போனான். ஆனால் அவன் முகத்தில் திருப்தியைக் காணோம். பிறகு நாம் புத்தகங்களைப் புரட்டிப் பார்த்ததில், பையனுடைய சந்தேகமே நியாயமானதென்றும், நாம் சொன்னது 1977-ம் வருஷத்திலேயே ஆட்டங்கண்டுபோன பேச்சென்றும் தெரிய வந்தது. ஊரார் புராணத்தையெல்லாம் திருத்தச் சொல்லுகிற நாம், நம்முடைய வாய்ச்சொல்லைத் திருத்த வெட்கப்படலாமா? ஆதலால் அன்று சொன்ன வார்த்தையை இன்று இதே மேடையில் வாபஸ் வாங்கிக்கொள்ளுகிறோம். எவ்வளவு தூரம் வாபஸ், எவ்வளவு தூரம் நிற்கிறது என்பதைக் கடைசியில் கணக்குப் பார்ப்போம்.

நாம் அப்படிச் சொன்னதற்குக் காரணமில்லாமலில்லை. புல் வெயிலைக் கொண்டு காற்றிலுள்ள கரியமில வாயுவையும் மண்ணிலுள்ள தண்ணீரையும் சேர்த்துத் தனக்கு வேண்டிய சர்க்கரையைச் செய்துகொள்ளுகிறது. அந்தப் புல்லை ஆடு தின்கிறது. ஆட்டை மனிதன் தின்கிறான். ஆட்டைத் தின்னாதவர்கள் நேரே நெல்லையும் பருப்பையும் தின்கிறார்கள். எப்படிச் சுற்றி வந்தாலும் அடியில் இருப்பது வெயில்தான். கடலிலும் அப்படியே. கண்ணுக்குத் தெரியாத பாசிகள் மேல்தண்ணீரில் வெயிலைக் குடித்து வளருகின்றன. அவற்றைச் சிறு பிராணிகளும், அவற்றைச் சாளையும் சூரையும் தின்கின்றன. ஆனால் 200 மீட்டர் ஆழத்துக்குக் கீழே பாசி பிழைப்பதற்குப் போதிய வெளிச்சம் இறங்குவதில்லை. 1,000 மீட்டருக்குக் கீழே உச்சி வேளையிலும் கும்மிருட்டு.

இதை வைத்துக்கொண்டு படித்தவர்களும் மோசம் போயிருக்கிறார்கள். இங்கிலாந்தில் எட்வர்டு போர்ப்ஸ் என்கிற இயற்கை ஆராய்ச்சிக்காரர் 1840-களில், கடலில் சுமார் 550 மீட்டருக்குக் கீழே ஜீவராசியே இராது என்று அபிப்பிராயம் சொன்னார். அவர் சாமானியரல்ல, நேரில் வலைபோட்டுப் பார்த்தவர். ஆனால் அவர் வலைபோட்ட இடத்தில் பிராணிகள் குறைவு. 1872 முதல் 1876 வரை சாலஞ்சர் என்ற கப்பல் உலகத்துச் சமுத்திரங்களையெல்லாம் சுற்றி, அந்த ஆழத்தைப்போல் பல மடங்கு ஆழத்திலிருந்தும் பிராணிகளை வாரிக்கொண்டு வந்தது. போர்ப்ஸின் அபிப்பிராயம் கீழே விழுந்தது. அதற்குப் பிறகுதான், ஆழத்தில் பிராணிகள் உண்டு, ஆனால் அவை மேலேயிருந்து தூறலாக விழும் எச்சத்தை நம்பி அரை வயிறும் கால் வயிறுமாக இருக்கும், ஆதலால் கடலடி ஒரு பாலைவனத்தைப் போன்றது என்ற கருத்து நிலைத்தது. நாம் அந்தப் பையனுக்குச் சொன்ன சமாதானமும் இதுதான்.

இனி 1977-ம் வருஷத்துக்கு வருவோம். தென்னமெரிக்காவுக்கு மேற்கே பசிபிக் சமுத்திரத்தில் காலபகஸ் என்ற தீவுக் கூட்டம் இருக்கிறது. டார்வின் 1835-ல் இறங்கிப் பார்த்த தீவுகள்தான். அவற்றுக்கு அப்பால் கடலடியில் பூமியின் மேலோடு இரண்டாகப் பிளந்து மெல்ல விலகிக்கொண்டிருக்கும் ஒரு பிளவு இருக்கிறது. அந்தப் பிளவிலிருந்து வெந்நீர் ஊற்று வரவேண்டும் என்று பூமி சாஸ்திரிகள் கணக்குப் போட்டிருந்தார்கள். அதைத் தேடி அமெரிக்க ஆராய்ச்சிக் கப்பலொன்று அந்த வருஷம் பிப்ரவரி மாதம் அங்கே போயிற்று. கவனியுங்கள்: தேடிப் போனது வெந்நீரை. பிராணிகளை அல்ல. ஆகையால் அந்தக் கப்பலில் ஜீவ சாஸ்திரம் படித்தவர் ஒருவர்கூட இல்லை.

முதலில் ஓர் இரும்புச் சட்டத்தில் காமிராவையும் உஷ்ணமானியையும் கட்டி, சுமார் 2,500 மீட்டர் ஆழத்தில் இறக்கி இழுத்துக்கொண்டு போனார்கள். ஓரிடத்தில் உஷ்ணமானி கொஞ்ச நேரம் ஏறி இறங்கிற்று. மேலே எடுத்துப் படங்களைக் கழுவிப் பார்த்தார்கள். சுமார் 3,000 படங்கள். எல்லாம் வெறும் கறுப்புப் பாறை. அவற்றில் 13 படங்களில் மட்டும், உஷ்ணம் ஏறிய அதே இடத்தில், நூற்றுக்கணக்கான வெள்ளைச் சிப்பிகள் குவிந்து கிடந்தன. பிறகு ஆல்வின் என்னும் மூன்று பேர் உட்காரக்கூடிய சிறு நீர்மூழ்கியில் இறங்கினார்கள். இறங்குவதற்கே ஒன்றரை மணி நேரம் பிடித்தது. மேலே நாம் தாங்கும் காற்றின் அழுத்தத்தைப்போல் 250 மடங்கு அழுத்தம் அங்கே உண்டு. சுற்றிலும் 2 டிகிரிக் குளிர். விளக்கைப் போட்டதும் அவர்கள் கண்டது பாலைவனமல்ல, சந்தை. சாப்பாட்டுத் தட்டளவு சிப்பிகள், மட்டிகள், வெள்ளை நண்டுகள். இவைகளுக்கு நடுவில் வெள்ளைக் குழாய்களைக் கொத்துக் கொத்தாக நட்டு வைத்ததுபோல் ஆளுயரத்துக்கு நிற்கும் புழுக்கள், ஒவ்வொரு குழாயின் நுனியிலும் செம்பருத்தி மலர்ந்தாற்போல் ரத்தச் சிவப்பாக ஒரு கொண்டை!

பிடித்து வந்த பிராணிகளை அழுகாமல் வைக்கப் போதிய மருந்து கப்பலில் இல்லை. பனாமாவில் வாங்கி வைத்திருந்த ருஷ்ய நாட்டு வோட்கா சாராயத்தில் சிலவற்றைப் போட்டு வைத்தார்களாம். சாராயம் ஒரு நல்ல காரியத்துக்குச் செலவானதாக நாம் கேள்விப்பட்டது இந்த ஒரு தடவைதான். ஊற்றுத் தண்ணீரைப் பிடித்து வந்த பாத்திரத்தைத் திறந்தபோது அழுகிய முட்டை நாற்றம் கப்பலைத் தூக்கிற்று. அந்த நாற்றத்தை ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். நம்முடைய கதைக்கு அதுதான் உயிர்.

அடுத்து 1979-ல் ஜீவ சாஸ்திரிகள் சேர்ந்தே போனார்கள். அதே வருஷம் மெக்சிகோவுக்கு அப்பாலுள்ள கடலடியில் வேறு ஊற்றுகள் அகப்பட்டன. அவை கறுப்புப் புகைபோல் தாதுப்பொடியைக் கக்குகிற ஊற்றுகள். அதில் நுழைத்த உஷ்ணமானியின் தண்டு உருகிப்போய்விட்டது. பிறகு சரியான கருவி கொண்டு பார்த்ததில் சுமார் 350 டிகிரி. மேலேயுள்ள தண்ணீரின் பாரம் அமுக்குவதால் அவ்வளவு சூட்டிலும் அந்தத் தண்ணீர் ஆவியாகப் பொங்குவதில்லை. புழு அந்தச் சூட்டில் உட்கார்ந்திருப்பதாக எண்ணிவிடாதீர்கள். ஊற்றுத் தண்ணீரும் குளிர்ந்த கடல் தண்ணீரும் கலந்து வெதுவெதுப்பாகிற ஓரத்தில்தான் அது நிற்கிறது. ஏன் அந்த ஓரத்தில் என்பதற்குப் பின்னால் பதில் வரும்.

அமெரிக்காவில் மெரிடித் ஜோன்ஸ் என்ற புழு ஆராய்ச்சிக்காரரிடம் இந்தப் புழுவை ஒப்படைத்தார்கள். அவர் 1981-ல் அதற்கு ரிப்டியா என்று பெயர் வைத்தார். நம் வயலில் நெளிகிற மண்புழுவுக்கு இது தூரத்து உறவு. அறுத்துப் பார்த்தவருக்குத் தலை சுற்றிற்று. புழுவுக்குக் கண் இல்லை; போகட்டும், இருட்டில் கண் எதற்கு? வாய் இல்லை. இரைப்பை இல்லை. குடல் இல்லை. கழிக்கிற துவாரமும் இல்லை. ஆனால் ஆளுயரம் வளர்ந்து, ரத்தம் ஓடி, முட்டையிட்டு வாழ்கிறது. உடம்புக்குள் குடல் இருக்க வேண்டிய இடத்தையெல்லாம் பஞ்சு போன்ற பழுப்பு நிற உறுப்பொன்று அடைத்துக் கொண்டிருந்தது. அதற்குள் கந்தகப் பொடி மணி மணியாகக் கிடந்தது.

இதுவும் அடியோடு புதிய புதிரல்ல. வாயும் குடலுமில்லாத நூல் போன்ற சிறு கடற்புழுக்களை 1914-லேயே காலெரி என்ற பிரெஞ்சுக்காரர் வர்ணித்திருக்கிறார். தோலின் வழியாகத் தண்ணீரில் கரைந்திருப்பதை உறிஞ்சும்போலிருக்கிறது என்று ஏதோ சொல்லி ஒதுக்கி வைத்திருந்தார்கள். நூல் போன்ற புழுவுக்கு அந்தச் சமாதானம் போதும். ஆளுயரப் புழுவுக்குப் போதுமா?

1980-ம் வருஷம் ஹார்வர்டு சர்வகலாசாலையில் ஜோன்ஸ் இந்தப் புழுவைப் பற்றி ஒரு பிரசங்கம் செய்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் காலின் கேவனா என்ற பெண்ணும் ஒருவர். அப்போது அவர் மேல்படிப்பில் முதல் வருஷ மாணவி. ஜோன்ஸ் பேச்சோடு பேச்சாக, புழுவுக்குள் கந்தக மணிகள் இருக்கின்றன என்று சொன்னதும், அந்தப் பெண் எழுந்து நின்று, அப்படியானால் கந்தகத்தைக் கொண்டு பிழைக்கிற கிருமிகள் புழுவுக்குள்ளேயே இருக்க வேண்டும், அவைதான் புழுவுக்குச் சோறு போடுகின்றன என்று சொன்னார். பெரிய ஆராய்ச்சிக்காரர் பேசிக்கொண்டிருக்கும்போது முதல் வருஷ மாணவி, அதுவும் ஒரு பெண், எழுந்து குறுக்கே பேசுவதென்றால் நம் ஊரில் என்ன சொல்லியிருப்பார்கள் என்பதை நீங்களே யோசித்துக்கொள்ளுங்கள். அங்கேயும் உடனே தலையில் தூக்கி வைத்துக்கொண்டு ஆடவில்லை. ஆனால் அந்தப் பஞ்சு உறுப்பில் ஒரு துண்டு சோதனைக்காக அவர் கைக்கு வந்து சேர்ந்தது. நுண்ணிய பூதக்கண்ணாடிகளில் வைத்துப் பார்த்தார்கள். முழுக்க முழுக்கக் கிருமிகள்! ஒரு கிராம் எடையில் நூறு கோடிக்கு மேற்பட்ட கிருமிகள். 1981-ல் அந்த மாணவியும் ஜோன்ஸும் இன்னும் மூவரும் சேர்ந்து அதைப் பிரசுரித்தார்கள். அதே வருஷம் பெல்பெக் என்பவர், பச்சை இலை சர்க்கரை செய்வதற்கு உபயோகிக்கிற சத்துப்பொருள் அந்தப் பஞ்சு உறுப்பிலும் இருப்பதைக் காட்டினார். வெயிலறியாத புழுவின் வயிற்றுக்குள் இலையின் சமையல் நடக்கிறது!

அந்தச் சமையல் எப்படி நடக்கிறது? அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயுவுக்கு ஹைட்ரஜன் சல்பைடு என்று பெயர். விறகு எரிந்தால் சூடு வருவதுபோல, இந்த வாயு பிராணவாயுவோடு சேர்ந்தால் ஒரு சக்தி வெளியாகிறது. கிருமி அதை நெருப்பில்லாமல் மெல்ல மெல்லச் சேர்த்து, அந்தச் சக்தியைக் கொண்டு கரியமில வாயுவிலிருந்து சர்க்கரை செய்கிறது. இலை வெயிலைக் கொண்டு செய்வதை இது கந்தகத்தைக் கொண்டு செய்கிறது. இப்படிப்பட்ட கிருமிகள் உண்டு என்பதை ருஷ்ய நாட்டு வினோகிராட்ஸ்கி 1880-களிலேயே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டார். சேற்றிலும் கந்தக ஊற்றிலும் உள்ள ஏதோ ஒரு விசித்திரம் என்று அதை ஓரத்தில் வைத்திருந்தார்கள். ஒரு பிராணிக் கூட்டத்துக்கே அது அடுப்பாக இருக்கும் என்று சுமார் 90 வருஷம் யாருக்கும் தோன்றவில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. ஹைட்ரஜன் சல்பைடு ஊற்றிலிருந்து வருகிறது. பிராணவாயு கடல் தண்ணீரிலிருந்து வருகிறது. இரண்டும் நேரே சந்தித்தால் கிருமிக்கு வேலையில்லாமல் தாங்களே சேர்ந்து வீணாகிவிடும். புழு இரண்டும் கலக்கிற ஓரத்தில் நின்று, சிவப்புக் கொண்டையால் இரண்டையும் உறிஞ்சி, ரத்தத்தில் ஏற்றி, உள்ளே கிருமியிடம் கொண்டு போய்ச் சேர்க்கிறது. கொண்டை சிவப்பாக இருப்பதற்குக் காரணம், நம் ரத்தத்திலுள்ள ஹீமோகுளோபின் வகையே அதிலும் இருப்பதுதான். நம்முடையதைவிட அது மிகப் பெரியது. பிராணவாயுவை ஓரிடத்திலும் ஹைட்ரஜன் சல்பைடை வேறோர் இடத்திலுமாக, ஒன்றையொன்று தொடாமல் பிடித்துக்கொள்ளுகிறது. புழுவின் பங்கு இந்தச் சுமை வேலை. கிருமியின் பங்கு சமையல். சமைத்ததில் ஒரு பாகம் புழுவுக்குக் கசிகிறது. அதோடு நிற்காமல், சமைத்துப்போடுகிற கிருமிகளிலேயே வயதானவற்றைப் புழு ஜீரணித்தும் விடுகிறது. சிநேகிதம், பரோபகாரம் என்று இதற்குப் பெயர் வைத்து உபந்நியாசம் செய்யக் கிளம்புகிறவர்கள் இந்தக் கடைசிச் சங்கதியையும் சேர்த்துச் சொன்னால் நல்லது.

இதெல்லாம் எங்கோ பசிபிக் சமுத்திரத்தில் நடக்கிற மாயமல்லவா என்று நினைக்கிற கிராமத்துத் தோழர்களுக்கு ஒரு வார்த்தை. உங்கள் நிலக்கடலைக் கொல்லையில் ஒரு செடியை மெதுவாகப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கடுகளவு முடிச்சுகள் இருக்கும். கொழிஞ்சி, உளுந்து, பயறு, அவரை எல்லாவற்றுக்கும் உண்டு. பூச்சி விழுந்தது என்று சிலர் நினைப்பதுண்டு. அது பூச்சியல்ல, கிருமிகள் குடியிருக்கிற வீடு. காற்றிலுள்ள நைட்ரஜனைச் செடி நேரே உண்ண முடியாது. அந்தக் கிருமிகள் அதைப் பக்குவம் செய்து கொடுக்கின்றன. செடி அவற்றுக்குச் சர்க்கரை கொடுக்கிறது. கொழிஞ்சியை மடக்கி உழுதால் நெல் ஏன் கறுத்துக்கொண்டு வளருகிறதென்றால் இதுதான் காரணம். ஜெர்மனியில் ஹெல்ரீகல் முதலியோர் 1880-களில் இதை நிரூபித்தார்கள். முடிச்சை நகத்தால் கிள்ளினால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்கும். அந்தச் சிவப்பும் ஒருவகை ஹீமோகுளோபின்தான்! கடலைச்செடி வேரிலும், கடலடிப் புழுவிலும், இந்த மேடையில் பேசுகிற நம்முடைய உடம்பிலும் ஒரே குடும்பத்துச் சிவப்பு.

இன்னொரு ஒற்றுமையும் உண்டு. கடலை விதைக்குள் கிருமி இல்லை. ஒவ்வொரு செடியும் முளைத்தபின் மண்ணிலிருந்துதான் அதைப் பெறுகிறது. புழுவும் அப்படியே. முட்டையில் கிருமி இல்லை. குஞ்சுப் புழுவுக்குக் கொஞ்ச காலத்துக்கு வாயும் குடலும் உண்டு. அந்த வாய் வழியாகத்தான் கிருமி நுழையும் என்று ஆராய்ச்சிக்காரர்கள் வெகு காலம் எண்ணிக்கொண்டிருந்தார்கள். வியன்னாவைச் சேர்ந்த மோனிக்கா பிரைட் முதலியோர் 2006-ல் அது தவறென்று காட்டினார்கள்: கடலில் திரிகிற கிருமி, குஞ்சின் தோலைத் துளைத்துக்கொண்டு ஒரு வியாதிபோல் உள்ளே புகுகிறது, அதன் பிறகு உள்ளே பஞ்சு உறுப்பு வளருகிறது, வாயும் குடலும் மறைந்து போகின்றன. புழு செத்தால் கிருமிகள் வெளியேறி மறுபடி கடலில் கலக்கின்றன.

நிற்க, இங்கே பக்தர்கள் கேட்கிற கேள்வியொன்று இருக்கிறது. கல்லுக்குள்ளிருக்கும் தேரைக்கும் ஆண்டவன் படியளக்கிறான் என்று நம் பாட்டி காலத்திலிருந்து சொல்லி வருகிறார்கள். இந்தப் புழுவைக் கேள்விப்பட்டால், பார்த்தாயா, வாயில்லாத புழுவுக்கும் இருட்டிலே படியளந்திருக்கிறானே என்று சொல்லாமலிரார்கள். அவர்கள் புழுவின் முழுக் கணக்கையும் பார்க்க வேண்டும். குஞ்சு முட்டையிலுள்ள கட்டுச்சோற்றைக் கொண்டு சுமார் 38 நாள் கடலில் மிதக்கும். அதற்குள் ஓர் ஊற்று கிடைத்து, அங்கே கிருமியும் கிடைத்தால் பிழைப்பு. கிடைக்காவிட்டால் சாவு. பெரும்பாலானவை சாகின்றன. 1991-ம் வருஷம் ஏப்ரல் மாதத்தில் மெக்சிகோவுக்குத் தென்மேற்கே ஓரிடத்தில் ஆல்வினில் இறங்கியவர்கள், அப்போதுதான் எரிமலைக் குழம்பு பொங்கி, அங்கிருந்த புழுக்கள் வெந்து கருகிக் கிடப்பதைக் கண்டார்கள். படியளந்தவன்தானே குழம்பையும் ஊற்றினான் என்று கேட்டால் பதில் இராது. அதே இடத்தில் 1993 முடிவில் போய்ப் பார்த்தபோது புதிய புழுக்கள் வந்து ஒன்றரை மீட்டர் வளர்ந்து நின்றன. வருஷத்துக்கு 85 சென்டி மீட்டருக்கு மேல் வளர்ச்சி. கந்தகமும் பிராணவாயுவும் கிருமியும் சேர்ந்த இடத்தில் புழு வளர்ந்தது. சேராத இடத்தில் செத்தது. படியளந்த கணக்கு இவ்வளவுதான். அளந்து பார்க்கக்கூடிய கணக்கு.

இனி அந்த நாற்றத்தைப் பற்றி நாம் பேசியாக வேண்டும். ஞாபகத்தில் வைக்கச் சொன்னோமல்லவா? அந்த ஹைட்ரஜன் சல்பைடு கடலடியில் மட்டுமில்லை. நம் ஊர்ச் சாக்கடைக் குழியிலும் மலக்குழித் தொட்டியிலும் அது உண்டாகிறது. மனித உடம்பில் புகுந்தால், உடம்பு பிராணவாயுவை உபயோகிக்க முடியாதபடி தடுத்துவிடுகிறது. சயனைடு விஷம் செய்வதும் இதே வேலைதான். அதைவிட மோசம் என்னவென்றால், கொஞ்சமாயிருந்தால் நாறும். அதிகமானால் மூக்கு மரத்துப்போய் நாற்றமே தெரியாது. நாற்றம் போய்விட்டது என்று நினைத்து இன்னும் கீழே இறங்குகிறவர் அங்கேயே விழுகிறார். அவரைத் தூக்க இறங்குகிறவரும் விழுகிறார். பத்திரிகையில் ஒரே குழியில் இரண்டு பேர், மூன்று பேர் என்று வருவதெல்லாம் இப்படித்தான்.

இறங்கச் சொல்லுகிறவர்களைக் கேட்டால், "அவர்களுக்கு அது பழக்கம்" என்கிறார்கள். தோழர்களே! இந்த ஒரு வார்த்தைக்காகவே நாம் இந்தப் புழுவைப் பற்றிப் பேச ஒப்புக்கொண்டோம் என்று சொன்னாலும் பொய்யாகாது. அந்த வாயு பழக்கமாகியிருப்பது கடலடிப் புழுவுக்கு. அதன் ரத்தத்தில் அதைக் கட்டிப்போடுகிற தனி இடம் இருக்கிறது. அப்படிப்பட்ட ரத்தம் உருவாகப் பல லட்சம் தலைமுறை பிடித்திருக்கும். மனிதரில் எந்த ஜாதிக்காரன் ரத்தத்திலும் அந்த இடம் கிடையாது. குழிக்கு மேலே நின்று மூக்கைப் பொத்திக்கொண்டு வேலை வாங்குகிறவனுக்கும், கீழே இறங்குகிறவனுக்கும் ஒரே ஹீமோகுளோபின்தான். தகப்பன் இறங்கினதால் மகனுக்குப் பழகிவிடுகிற வஸ்து அல்ல அது. மனிதரை இப்படிக் காப்பில்லாமல் குழியில் இறக்குவது குற்றமென்று 2013-ம் வருஷத்துச் சட்டம் சொல்லுகிறது. செத்தவர் குடும்பத்துக்கு 10 லட்சம் ரூபாய் கொடுக்க வேண்டுமென்று 2014-லும், 30 லட்சம் கொடுக்க வேண்டுமென்று 2023-லும் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. சட்டமும் உத்தரவும் வந்த பிறகும் பத்திரிகையில் அந்தச் செய்தி நிற்கவில்லை. நம் ஊரில் யார் வீட்டுத் தொட்டிக்காவது ஆளை இறக்கப் பார்த்தால், அங்கே போய் நின்று தடுக்கக் கூடியவர்கள் இந்தக் கூட்டத்தில் இருக்கிறார்கள்.

நம் பக்கத்து இந்து மகாசமுத்திரத்திலும் இந்த ஊற்றுகள் உண்டு. மொரீஷியஸுக்கும் அப்பால் தென்கிழக்கே உள்ள ஓர் ஊற்றில் 2001-ல் ஒரு நத்தை அகப்பட்டது. அதன் தொண்டைப் பக்கத்துச் சுரப்பியில் கிருமிகள் குடியிருந்து சோறு போடுகின்றன. காலில் இரும்பும் கந்தகமும் கலந்த செதில்களை ஓடு வேய்ந்ததுபோல் அடுக்கி வைத்திருக்கிறது. அதே இந்து மகாசமுத்திரத்தில், இந்த ஊற்றுகள் கக்கிய உலோகத் தாதுக்களை ஆராய்வதற்காக, 10,000 சதுர கிலோ மீட்டர் பரப்புக்கு இந்திய சர்க்கார் 2016-ல் சர்வதேச சபையோடு 15 வருஷ ஒப்பந்தம் செய்துகொண்டது. சுரங்கம் வெட்டினால் அழியக்கூடியதென்று சொல்லி 2019-ல் அந்த நத்தையை அபாயப் பட்டியலில் சேர்த்தார்கள். கடலடிச் சுரங்கத்தைக் காரணங்காட்டிப் பட்டியலில் ஏறிய முதல் பிராணி அதுதான். செம்பு வேண்டாமென்று நாம் சொல்லவில்லை. அங்கே என்ன இருக்கிறதென்று பார்த்து முடிப்பதற்குள் வெட்டித் தீர்த்துவிட வேண்டாமே என்கிறோம்.

ஆரம்பத்தில் சொன்ன வாபஸ் கணக்கு இன்னும் பாக்கியிருக்கிறது. சூரியனில்லாமல் ஒரு ஜீவனும் பிழைக்காது என்றோம். அது தவறு. ஊற்றுகளில் பிராணவாயுகூட வேண்டாமல், பூமிக்குள்ளிருந்து வரும் ஹைட்ரஜனையும் கரியமில வாயுவையும் மட்டும் கொண்டு பிழைக்கிற கிருமிகள் உண்டு. அவற்றுக்குச் சூரியன் இருந்தாலென்ன, போனாலென்ன? ஆனால் ஆளுயரப் புழுவின் விஷயம் பாதிதான். அதன் கந்தகம் பூமியிலிருந்து வருகிறது. அதன் பிராணவாயுவோ, மேலே வெயிலில் பாசியும் இலையும் வெளியிட்டுக் கடலில் கரைந்து கீழே இறங்கிய பிராணவாயு. ஆகையால் புழுவின் அடுப்பு பூமியினுடையது, ஊதுகுழலில் வரும் காற்று சூரியனுடையது என்று சொன்னால் பொருந்தும். இதை அந்தப் பையனிடம் போன வாரம் சொன்னோம். "அப்படியானால் சூரியன் அணைந்துபோனால் புழு எத்தனை நாள் தாங்கும் ஐயா?" என்று கேட்டான். கடலில் கரைந்திருக்கும் பிராணவாயு தீருகிற வரையில் என்று மட்டும் சொல்லியிருக்கிறோம். எத்தனை வருஷமென்று அவனே கணக்குப் போட்டுக்கொண்டு வருவதாகச் சொல்லிப் போயிருக்கிறான்.

நேரமாகிவிட்டது. மேஜைமேல் நாலைந்து கடலைச் செடிகளும் ஒரு கொழிஞ்சிச் செடியும் வேரோடு பிடுங்கி, மண் அலசி வைத்திருக்கிறோம். பூதக்கண்ணாடியும் இருக்கிறது. இஷ்டமுள்ளவர்கள், முக்கியமாகத் தாய்மார்களும் பிள்ளைகளும், முதலில் வந்து முடிச்சைக் கிள்ளிச் சிவப்பைப் பார்க்கலாம். வெளுப்பாகவோ பச்சையாகவோ இருந்தால் அது வேலை செய்யாத முடிச்சு, அடுத்ததைக் கிள்ளுங்கள்.